காணாமல் போன அப்பாமார்

1. முதல் திட்டு

வேலைக்குப் போன முதல் நாளே ஆர் என்னைத் திட்டியது. ஆர் என்பது புள்ளிவிபரக் கணக்குகளுக்கென்றே உள்ள ஒரு கொம்பியூட்டர் மொழி. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வேறு. ஒரு வரி அடித்து எண்டரைத் தட்டினேன். 'ஒப்ஜெக்ட் நொட் ஃபவுண்ட்' என்றது. திரும்பவும் அதையே அடித்தேன். திரும்பவும் அதே திட்டு. மூன்றாம் தரம் கொஞ்சம் ஊன்றி அடித்தேன், பலமாக அடித்தால் பயந்து வேலை செய்யும் என்று நினைத்தேனோ தெரியாது.

காமினி சேர் பின்னால் வந்து நின்றார். எங்கள் சின்ன ஆய்வு நிறுவனத்தின் சொந்தக்காரரும் தலைவரும் அவர்தான். சிங்களவர். கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பையன்களோடு ஒழுங்கைக் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவர், தமிழும் அந்த ஒழுங்கையில் பிடித்ததுதான். என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம்.

"நங்கி, அது ஒன்ன ஏசல்ல. என்ன இல்லன்னு சொல்லுது. மொதல்ல வாசி, பொறகு அழு."

வாசித்தேன். ஃபைலுக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டு, சின்ன எழுத்தில் கூப்பிட்டிருக்கிறேன். ஆருக்கு அவை இரண்டும் இரண்டு ஆட்கள். புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். பிழைச் செய்தி வந்தால் கடைசிவரைக்கும் வாசியுங்கள். பாதிப் பேருக்கு அத்துடன் வேலை முடிந்துவிடும்.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளட்டில் நானும் அப்பாவும் இருந்தோம். கண் ஒப்பரேஷனுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், யுத்தத்தில் வடக்குப் பாதை பூட்டியதால் திரும்பிப் போக முடியாமல் என்னோடு தங்கிவிட்டார். அன்று பின்னேரம் கேட்டார், "என்ன மொழியடி படிக்கிறாய்?"

"ஆர், அப்பா."

"அதைத்தானே நானும் கேக்கிறன், ஆரெண்டு?"

எங்கள் ஊர்ப் பேச்சில் யார் என்பதும் ஆர்தான். அப்பாவுக்கு அந்தப் பகிடி வருஷக்கணக்காக அலுக்கவில்லை. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவார்.

2. கொழுத்த பிள்ளைகள்

எங்களுக்கு அப்போது கிடைத்த பெரிய வேலை, கொழும்பின் நெருக்கமான பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எடையை ஆராய்வது. ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ் போன்ற இடங்களில் சத்துணவு நிலையங்கள் இருந்தன. காலையில் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி கொடுப்பார்கள், மாதம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். பணம் கொடுத்த நிறுவனத்துக்கு எல்லா நிலையங்களையும் தொடர்ந்து நடத்தக் கையில் காசில்லை. மெலிந்த பிள்ளைகள் அதிகமுள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மூடுவார்கள். எதை மூடுவது என்பதற்குத்தான் எங்கள் ரிப்போர்ட்.

புரோகிராமை முதல் முறை ஓட்டியபோது மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அறுபது கிலோ என்று வந்தது. காமினி சேர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குக் கஞ்சிய நிப்பாட்டு" என்றார். ஒபிஸ் முழுக்கச் சிரித்தது.

காரணம் இதுதான். யாரோ ஒருவர் எடை எழுதும் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'வரவில்லை' என்று அடித்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக ஆர் அந்தப் பத்தி முழுவதையும் எழுத்தாகப் பாவித்து, எடைகளைத் தரம்பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இலக்கம் கொடுத்துவிட்டது. இதற்கு ஃபாக்டர் என்று பெயர். அதை நேரே எண்ணாக்கினால் எடை வராது, வரிசை இலக்கம்தான் வரும். முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இந்தத் தொல்லை குறைவு, நாங்கள் பட்டு முடிந்த பிறகு திருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் அறுபது கிலோப் பிள்ளை நல்ல பிள்ளை. வந்து முன்னால் நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்து வந்த பிழை அப்படிப்பட்டதல்ல.

3. சத்தம் போடாத பிழை

ரிப்போர்ட் கொடுத்துச் சில வாரங்களில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஜிந்துப்பிட்டி நிலையத்தை நடத்திய புஷ்பராணி அக்கா. மலையகத்திலிருந்து சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்தவர். குரல் உடைந்திருந்தது.

"மிஸ், அடுத்த மாசத்தோட நம்ம சென்டர மூடுறாங்களாமே. இங்க மெலிஞ்ச புள்ளைங்க கொறைவுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம். நெசமா மிஸ்?"

"நாங்கள் எழுதினதுதான் அக்கா. கணக்கு அப்பிடித்தான் வந்தது."

"கணக்கு வந்திருக்கும் மிஸ். புள்ளைங்க எங்க போச்சு? காலையில வந்து பாருங்க, வரிச ரோடு வரைக்கும் நிக்குது."

அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அன்றைய நாளின் உருப்படியான சாப்பாடே அந்தக் கஞ்சிதான் என்பது நான் நேரில் கண்டது. காமினி சேரிடம் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து அவர் எழுதிய புரோகிராமை வரிவரியாகப் பார்த்தோம்.

எங்களிடம் இரண்டு ஃபைல்கள். ஒன்று, எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய் எடுத்தது: வீட்டுத் தலைவரின் பெயர், தொழில், வருமானம். மற்றது, நிலையங்களில் எடுத்தது: பிள்ளையின் பெயர், வயது, எடை. வீட்டு வருமானத்தோடு சேர்த்துத்தான் மெலிந்த பிள்ளைகளை எண்ண வேண்டும், ஆனால் இரண்டுக்கும் பொதுவான இலக்கம் கிடையாது. விலாசத்தை வைத்தும் சேர்க்க முடியாது, ஏனென்றால் ஜிந்துப்பிட்டியில் தோட்டம் என்பது நெருக்கமான குடியிருப்பு, ஒரு தோட்டத்துக்கு ஒரே இலக்கம், உள்ளே வரிசையாக எத்தனையோ குடும்பம். ஆகவே காமினி சேர் விலாசத்தோடு குடும்பப் பெயரையும் வைத்து இரண்டையும் இணைத்திருந்தார். அதைச் செய்யும் கட்டளைக்கு மேர்ஜ் என்று பெயர். மேர்ஜுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் பொருந்தும் வரியை வைத்துக்கொள்ளும், பொருந்தாததை விட்டுவிடும். விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது.

இணைத்த பிறகு வரிகள் குறைந்ததைக் காமினி சேர் முன்பே கவனித்திருந்தார். ரிப்போர்ட்டில் ஓர் அடிக்குறிப்பும் போட்டிருந்தார், பல குடும்பங்கள் வீடு மாறிப் போய்விட்டன என்று. யுத்த காலம். சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு, ஊருக்கு ஓடுவது, ஊரிலிருந்து ஓடி வருவது. வீடு மாறாத தமிழர் யார்?

இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஜிந்துப்பிட்டியில் இணைந்து வந்த வீடுகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் தலைவர் ஒரு பெண். அப்பா இல்லாத வீடுகள். அதையும் நாங்கள் நம்பினோம், நம்பாமல் என்ன செய்வது? அந்த நாட்களில் அப்பா இல்லாத வீட்டைக் கண்டு ஆச்சரியப்படுகிற நிலைமையில் நாங்கள் இருக்கவில்லை.

"புரோகிராம்ல பிழ இல்ல நங்கி" என்றார் காமினி சேர். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

4. காலி வீதியில்

அடுத்த நாள் காலை அப்பாவைக் கண் கிளினிக்கில் விட்டுவிட்டு ஒபிசுக்குப் போகலாம் என்று பஸ் ஏறினேன். காலி நகரத்துக்குப் போகும் அந்தப் பெருவீதியில், கொள்ளுப்பிட்டிக்கு முன்னால் பொலிஸார் மறித்தார்கள். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம்.

இளம் பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் இருவருடைய அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "மே கவுத?" இது யார் என்று கேட்டார்.

"மகே தாத்தா." என் அப்பா.

"எத்தகொட நம வெனஸ் நே?" அப்படியென்றால் பெயர் வேறாக இருக்கிறதே.

அப்பாவின் அட்டையில் சின்னையா தம்பிராசா. என்னுடையதில் தம்பிராசா வசந்தி. சிங்களப் பெயர்களில் முன்னால் வருவது வீட்டார் எல்லோருக்கும் பொதுவான குடும்பப் பெயர். அந்தப் பழக்கத்தில் அவர் முன்பாதிகளை ஒப்பிட்டார். ஒன்று சின்னையா, ஒன்று தம்பிராசா. பொய் சொல்லுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பாவை ஒரு பக்கமாகப் போய் நிற்கச் சொன்னார்.

"பிள்ளை, உவன் என்னவாம்?" அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் கிளினிக் தந்த துண்டுச்சீட்டு. அப்படி ஒரு பக்கமாக நிறுத்தப்பட்டவர்களில் சிலர் திரும்பி வர நாளானது என்று எங்களுக்குத் தெரியும்.

"ஒண்டுமில்லை அப்பா, பேரைப் பற்றிக் கேக்கிறார்."

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. முன்னால் வருவது அவரவர் அப்பாவின் பெயர். சின்னையா என் அப்பாவுடைய அப்பா. தம்பிராசா என் அப்பா. நாளைக்குக் கலியாணம் கட்டினால் என் பெயருக்கு முன்னால் புருஷனின் பெயர் வரும். கைப்பையிலிருந்து பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் நீட்டினேன். அந்நாளில் லிப்ஸ்டிக் இல்லாமல் வெளியே போன தமிழ்ப் பெண்கள் உண்டு, அந்தப் பிரதி இல்லாமல் போனவர்கள் குறைவு.

அவர் வாசித்தார். கொஞ்சம் யோசித்தார். அப்படியென்றால் உங்கள் வீடுகளில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒருநாளும் ஒரே பெயர் வராதா என்று கேட்டார். நக்கலாக அல்ல, அறிய விரும்பிக் கேட்டார்.

வராது என்றேன். தாய்க்கும் பிள்ளைக்கும்தான் வரும்.

"ஹரி, யன்ன." சரி, போங்கள். அட்டைகளை இரண்டு கையாலும் தந்தார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் வராது. தாய்க்கும் பிள்ளைக்கும் வரும். மேர்ஜ் செய்ததும் அதைத்தான். அப்பா வீட்டுத் தலைவராக இருந்த ஒவ்வொரு தமிழ் வீட்டையும் அது வெட்டி எறிந்துவிட்டது. தாய் தலைவியாக இருந்த வீடுகள் மட்டும் தப்பின.

"என்னடி, முகம் இப்பிடிப் போச்சு? விட்டிட்டாங்கள் தானே?" என்றார் அப்பா.

"அப்பா, பிள்ளையள் எங்க போச்சுதெண்டு கண்டுபிடிச்சிட்டன்."

அவர் ஒன்றும் விளங்காமல் என் தலையைத் தடவினார். அந்தப் பொலிஸ்காரரின் பெயர் தெரியாது. அன்று என்னை நடுங்க வைத்தவர்தான், ஆனாலும் அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

5. அப்பாமார் திரும்பி வந்தது

ஒபிஸ் வாசலில் எனக்குக் கால் தயங்கியது. ரிப்போர்ட் போய்விட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது. அடுத்த வருஷ வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஒரே நிறுவனத்தின் கையில். அதற்கும் மேலே, விடுபட்டது தமிழ்ப் பிள்ளைகள், கிராண்ட்பாஸில் முஸ்லிம் பிள்ளைகளும் கொஞ்சம், அவர்களில் பலருக்கும் முன்னால் வருவது அப்பாவின் பெயர். அதைச் சொல்லப்போகிறவள் ஒரு தமிழ்ப் பெண். உன் ஆட்களுக்காகக் கதைக்கிறாய் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், கணக்கு அத்தோடு செத்துவிடும்.

சொன்னேன். காமினி சேர் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

"நான் தமிழ்ப் பையன்கட வீட்டிலதான் வளந்த நங்கி. அவங்க அம்மா கையால சோறு தின்ட. ஒருத்தன்ட முழுப் பேரும் எனக்குத் தெரியாதே. எல்லாரும் ரவி, குமார், பாபுதான்."

பிறகு எழும்பி, தான் உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் தள்ளினார். "நீ அடி."

பொருந்தாத வரிகளையும் விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு சொல் மேர்ஜில் உண்டு, all = TRUE. அதைப் போட்டு ஓட்டினேன். விடுபட்ட பிள்ளைகள் திரையில் இறங்கி இறங்கி வந்தார்கள். முடியவேயில்லை. அடுத்ததாக, பிள்ளையின் பெயரின் முன்பாதியை வீட்டுத் தலைவரின் சொந்தப் பெயரோடும் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். அத்துடன் அப்பாமார் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமை, தையற்காரர், முச்சக்கர வண்டி ஓட்டுபவர். எங்கள் ரிப்போர்ட்டில் இல்லாமலே போய்விட்டிருந்த மனிதர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மொனிட்டரைத் துடைப்பதுபோலக் காட்டிக்கொண்டேன்.

மெலிந்த பிள்ளைகள் அதிகமுள்ள இடங்களில் ஜிந்துப்பிட்டி முன்வரிசைக்கு வந்துவிட்டது.

அன்று பகலே பணம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் போனோம். அதன் பொறுப்பாளரான அம்மையார் கோபப்பட்டார். கோபத்திலும் நியாயம் இருந்தது. கையெழுத்திட்ட ரிப்போர்ட்டில் இவ்வளவு பெரிய ஓட்டை என்றால் மிச்சத்தை எப்படி நம்புவது என்று கேட்டார். இது யாருடைய வேலை என்றும் கேட்டார்.

எத்தனையோ ஒபிஸ்களில் அந்தக் கேள்விக்கு விரல் எந்தப் பக்கம் நீளும் என்று பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். காமினி சேர் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. பிழை என்னுடையது, கண்டுபிடித்தவர் இவர் என்றார். சனங்களின் பெயர் எப்படி அமைகிறது என்று கேட்காமலே எண்ணினேன், பழைய ரிப்போர்ட்டை நான் திரும்பப் பெறுகிறேன் என்றார். என் ஆட்கள், உன் ஆட்கள் என்ற கதையே அந்த அறையில் எழவில்லை, எழவிடாமல் அவர் முன்னால் நின்றுவிட்டார்.

அடுத்த வருஷ வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு காலம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன், எனக்கு வாய்த்த அதிர்ஷ்டங்களில் பெரியது அந்த மனிதரிடம் வேலை பழகியதுதான்.

புஷ்பராணி அக்காவுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன், நிலையம் மூடப்படாது என்று. அவர், "இருங்க மிஸ், கஞ்சி பொங்குது" என்று ரிசீவரை வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

இதைப் படிக்கிற இளையவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். திட்டுகிற பிழைக்குப் பயப்பட வேண்டாம், அது உங்களுக்கு உதவ வந்தது. சுத்தமாக ஓடி முடிகிற புரோகிராமுக்குக் கொஞ்சம் பயப்படுங்கள். இரண்டு ஃபைலைச் சேர்த்தால், யார் வந்தார்கள் என்று பார்த்துவிட்டு எழும்பாதீர்கள். யார் வரவில்லை என்று பாருங்கள், ஏன் வரவில்லை என்பதை அவர்களைத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். கைவசம் இருக்கும் முதல் காரணத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

திருத்திய ரிப்போர்ட் அச்சாகி வந்தபோது அட்டையில் காமினி சேரின் பெயருக்கு மேலே என் பெயர் இருந்தது. முழுப்பெயர். வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்தேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"தம்பிராசா வசந்தி. எடியே, வேலை செய்தது நீ. பேர் முன்னுக்குக் கிடக்கிறது என்ரயோ?"

"அப்பிடித்தானே அப்பா எங்கட பேர்."

அட்டையை விரலால் ஒருமுறை தடவினார். "அந்தப் பிள்ளையளுக்குக் கஞ்சி குடுக்கினமோ?"

"ஓம் அப்பா, குடுக்கினம்."

"அப்ப சரி" என்று சொல்லி, ரிப்போர்ட்டைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.