எனக்கு மட்டும் டீ இல்லை

போன வருஷம் மார்கழிக் குளிரில், பெங்களூரு ஒக்கலிபுரத்தில் நடந்தது இது. மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் காலமாகி, வருஷத் திவசமும் முடிந்திருந்தது. டாக்டர் சொன்னார் என்று காலையில் நடக்கப் போக ஆரம்பித்தேன். அப்படித்தான் தெருமுனை டீக்கடை பழக்கமானது.

வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நான் உட்காரும்போது என் டீ ஆறி, ஆடை படிந்திருக்கும். அறுபது வயதுக்கு மேல்தான், இன்னொருவர் போட்ட இஞ்சி டீயை நாக்குச் சுடச்சுட நின்றபடி குடித்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் கன்னடத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். கிளாஸைப் புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, மூட்டுவலியில் தொடங்கி மருமகள்கள் வரை பேசிச் சிரிப்போம்.

ஒரு நாள் அவள் வரவில்லை. தனியாகப் போய் டீ கேட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கடைக்காரர் ஊற்றிக் கொடுத்தார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மறுபடி கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“பேஜார் பண்ணிக்காதீங்கம்மா. உங்க பையன் வந்துட்டுப் போனாரு. உங்களுக்கு மறதி வியாதியாமே? குடிச்சதையே மறந்துட்டு மறுபடி கேப்பீங்க, கொடுக்காதீங்கன்னாரு.”

எனக்கு அப்படி எந்த வியாதியும் இல்லை.

“யாருக்கு மறதி? எனக்கா?” குரல் உயர்ந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கணவர் பெயர், அவர் வேலை பார்த்த இலாகா, பேரன் படிக்கும் வகுப்பு என்று படபடவென்று ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் பரிதாபம்தான் கூடியது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க நின்றிருந்த தமிழர் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு அருகில் வந்தார்.

“வீடு எங்கன்னு ஞாபகம் இருக்காம்மா? நான் கூட வரேன், வாங்க.”

வேண்டாம் என்றேன். நான் வாசல் கதவைத் திறக்கும்வரை பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர். அவர்மீது கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

மகன் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“வேற என்னம்மா சொல்றது? ரோட்ல ஆம்பளைங்களோட நின்னு டீ குடிக்கிறே. வீட்ல அம்மாவுக்கு ஒரு டீ கூடக் கொடுக்கறதில்லையான்னு கேக்கறாங்க. எனக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா?”

“அதுக்காக எனக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லுவியா?”

“மறதின்னுதானே சொன்னேன்.” ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

மருமகள் ஒரு கப் டீ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் தொடவில்லை.

செய்தி தோழிக்கும் போயிருந்தது. இப்போது வழியில் பார்த்தால், குழந்தையிடம் கேட்பதுபோல் சாப்பிட்டாயா என்று மெல்லக் கேட்கிறாள். பதில் சொல்வதற்குள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நான் டீயை விடவில்லை. ரயில் நிலையம் பக்கம், என்னை யாருக்கும் தெரியாத கடைகளில் குடிக்கிறேன். டீ நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் எல்லோருக்கும்தான் மறக்கும். எனக்கு மறந்தால் மட்டும், அதைத் தேடுவதற்கு முன்னால், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறேன்.