டைனமோவில் பதிந்த பாட்டு

போர்க்காலத்தில் எங்கள் ஊரான பெரியமடுவில் மின்சாரம் இல்லை; பற்றரியும் வராது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கசற் பெட்டிக்கு மின்சாரம் எடுப்போம். அப்படிச் சுற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

பள்ளிக்கூடக் கலைவிழாவில் பிள்ளைகளை நாட்டார் பாட்டுப் பாடவைக்க நினைத்த மாஸ்டர், ஒருநாள் பின்னேரம் கசற் பெட்டியோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய என் பெரியம்மாவின் கொழுந்துப் பாட்டை அவர் பதிய வேண்டுமாம். அவர் பின்னால் என் வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். என்னைத் 'தோட்டக்காட்டான்' என்று கேலி செய்பவர்கள். இந்தப் பாட்டைக் கேட்டால் அவர்கள் வாய் அடைத்துப்போகும் என்று உறுதியாக நம்பினேன்.

"ஒரு தடவைதான் பாடுவேன் சார். வெக்கமா இருக்கு" என்றார் பெரியம்மா.

"ஒருக்காப் பாடினாக் காணும். பாடுங்கோ அம்மா."

நான் பெடலைச் சுற்றினேன். பெரியம்மா தொடங்கினார்.

"கொழுந்து பாரம் கொஞ்சந்தான்
கூடையில மழை பாரம்..."

கரகரத்த குரல்தான். ஆனாலும் முற்றம் அடங்கிப்போனது. கேட்கக் கேட்க என் கையும் பாட்டோடு தளர்ந்ததை நான் உணரவில்லை.

பதிந்ததைப் போட்டுக்காட்ட மாஸ்டரே பெடலைச் சுற்றினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப்பெண் கீச்சுக்குரலில் விரைந்து பாடினாள்.

"ஐயோ, பெரியம்மான்ர தொண்டைக்குள்ள குருவி பூந்திட்டுது!" என்று கத்தினான் வகுப்புப் பொடியன் ஒருவன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

"நீ மெல்லச் சுத்திப் பதிஞ்சிட்டாய். நான் கெதியாச் சுத்தக் குரல் ஏறிப்போச்சு" என்றார் மாஸ்டர். "அம்மா, இன்னொருக்கால் பாடுவீங்களோ?"

"வேணாம் சார். இதுவே நல்லாத்தான் இருக்கு. திருப்பிப் போடுங்க."

பிள்ளைகள் அந்தக் கசற்றைக் கேட்டுத்தான் பழகினார்கள். அதே வேகம், அதே உச்சக்குரல். கலைவிழாவில் சனம் கைதட்டி மறுபடியும் பாடச் சொன்னது. இன்றும் எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் அதே வேகத்தில்தான் பாடுகிறார்கள். அன்று சிரித்தவர்களின் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள். அந்த வேகம் என் கை விட்ட பிழை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

அன்று மாஸ்டர் மூன்று தரம் போட்டார். பெரியம்மா பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடி, அந்தச் சின்னப்பெண்ணோடு சேர்ந்து உதட்டை அசைத்தார். என்னை ஏச்சிலிருந்து காப்பாற்றத்தான் 'நல்லாத்தான் இருக்கு' என்கிறார் என்று நினைத்தேன். மலையில் கூடை சுமந்து பாடிய அவளை அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.