மாமனாரின் போக்கர் கணக்கு

அப்பா வீட்டுச் சீட்டுக்கட்டில் இன்றும் குழந்தைப் பவுடர் வாசனை லேசாக அடிக்கிறது. அதை முகரும்போதெல்லாம் என் மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

வானூரில் புள்ளிவிவர அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எண்ணுவதற்கு ஏதாவது இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் என் அப்பாவுக்கோ, மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால் கிடங்கு உப்பை அளைந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இந்த இரண்டு பேருக்கும் போக்கர் கற்றுக்கொடுத்த புண்ணியவான் என் கணவர். பந்தயம் புளியங்கொட்டைதான். அப்பா கலைத்து, விரலை நக்கி எண்ணி, ஆளுக்கு ஐந்து சீட்டை ஒரே பிடியாகக் கொடுப்பார். மாமனார் ஆட்டங்களை லேப்டாப்பில் ஏற்றுவார். நல்ல சீட்டு வந்தால் சம்பந்தி தொண்டையைச் செருமுகிறார் என்றுகூடக் குறித்திருந்தார். உப்புக் காற்றில் அப்பா நாள் முழுக்கச் செருமுகிறவர் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் நான் ஏழு மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. அப்போது பார்த்து மாமனார் லேப்டாப்பை மூடிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். “தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. எனக்கு உங்க மேல சந்தேகமே இல்ல. கணக்குதான் சந்தேகப்படுது.” ராஜாக்கள் இத்தனை தடவை ஜோடியாகவே வந்து அப்பாவை ஜெயிக்க வைப்பது தற்செயலாக இருக்க முடியாதாம்.

அப்பா புளியங்கொட்டைகளை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். “திருடன் வீட்டுல உங்க மருமவளுக்குப் பிரசவம் எதுக்குங்க? உங்க வீட்லயே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் இல்லாமல் முதல் பிரசவத்தை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

கை சும்மா இருக்காமல் சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தேன். எவ்வளவு கலைத்தும் இரண்டு ராஜாக்கள் மட்டும் பிரியவேயில்லை. அப்பாவின் உப்புக் கையும் மழை ஈரமும் சேர்ந்து ஒட்டவைத்திருந்தன. நகத்தால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. மாமனாரிடம் காட்டி, உங்களுக்கும் ஜோடியாகத்தானே வந்திருக்கும், அதை ஏற்றினீர்களா என்று கேட்டேன்.

“நான் ஜெயிச்சத எதுக்கும்மா ஏத்தணும்? அது திறமைதானே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. குடையைக்கூட எடுக்காமல் கிடங்குக்கு நடந்தார். அங்கே என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வந்தேன். பேரனைப் பார்க்க வந்த மாமனார், அவனுடைய பவுடரை எடுத்து முதலில் சீட்டுகளுக்குப் போட்டார். அதன்பிறகு ராஜாக்கள் தனித்தனியாகவே வந்தார்கள்.

மாமனார் இப்போது இல்லை. போன வாரம் மழைக்கு அப்பாவோடு நான்தான் ஆடினேன். பவுடர் போட ஆளில்லாமல் சீட்டுகள் மறுபடி ஒட்ட ஆரம்பித்திருக்கின்றன. அப்பா தன் கையிலிருந்த இரண்டு ராஜாக்களை நகத்தால் பிரித்து, ஒன்றைக் கட்டுக்குள் செருகுவதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வேணாம்மா. சம்பந்தியோட கணக்கு சந்தேகப்படும்.”