மஸ்கட்டிலிருந்து மூன்றரை மணி நேரம்

எங்கள் வீட்டில் கணக்கில் புலி நான்தான். அதனால் அப்பாவுக்கு அவசரமாக ஆபரேஷன் என்று ஆனதும், தம்பி எத்தனை மணிக்கு வந்து சேருவான் என்று பார்ப்பதும் என் தலையில் விழுந்தது.

தம்பி மஸ்கட்டில் இருந்தான். காலையில் போன் செய்தான். “அண்ணே, பன்னெண்டு மணிக்கு பிளேன். மூணரை மணிக்கூர்தான். அப்பாட்ட சொல்லிரு.”

நடுவில் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். நம் கடிகாரம் அங்கத்தியதைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்றரை. ஐந்துக்கு இறங்குவான், ஆறுக்குள் ஆஸ்பத்திரி. ஆறரைக்கு மேல் காத்திருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவோ, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று படுத்தபடியே ஒற்றைக்காலில் நின்றார். ஐந்து மணி என்று அவரிடம் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “செரி” என்றார்.

லீவுகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று கோயிலில் பங்குனி ஆறாட்டுத் திருவிழா, மத்தியானத்தோடு ஆபீஸ் பூட்டிவிடுவார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் போலீஸ்காரர் ஸ்கூட்டரை மறித்து மலையாளத்தில் சொன்னார். “ஆறாட்டல்லே சாரே. ஒன்பது கழியாதெ விமானம் ஒந்நும் இறங்ஙில்ல.”

ஒன்பது மணி தாண்டாமல் எந்த விமானமும் இறங்காதாம். கிழக்கேகோட்டைக் கோயிலிலிருந்து சாமி கடலுக்கு நீராடப் போகிற வழி விமானம் ஓடும் தளத்தின் குறுக்கேதான். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானம் வராது, போகாது. ஊருக்கே தெரிந்த விஷயம். வருஷா வருஷம் அந்த ஊர்வலத்தில் நடந்தவன் நான். ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை மறக்காத மூளைக்கு இது மட்டும் தோன்றவில்லை.

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்துபோய் விசாரித்தேன். விமானம் மஸ்கட்டை விட்டே இன்னும் கிளம்பவில்லையாம். தம்பி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஆறேகால். ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. எப்படியாவது அப்பாவை உள்ளே அனுப்பியாக வேண்டும்.

“எறங்கிட்டான்ப்பா. வந்துகிட்டிருக்கான்.”

“ஆறாட்டு போறப்போ பிளேன் எங்கலே எறங்கும்?” என்றார் அப்பா. குரலில் கோபமில்லை. “காலையில நீ சொன்னப்பளே தெரியும். நீ கெடந்து ஓடிக்கிட்டிருந்த, சொல்ல மனசு வரல.”

ஆபரேஷனுக்கான சம்மதப் பேப்பரை வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார். தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து இழுத்தார். “நான் அவனத் தேடினேன்னு அவன்ட்ட சொல்லாத, கேட்டியா. நேரத்துக்கு வர முடியலியேன்னு ஆயுசுக்கும் உருகுவான்.”

தம்பி வந்து சேரப் பத்து மணி தாண்டிவிட்டது. அப்பா கண் திறக்கவேயில்லை. மறுநாள் காலையில் போய்விட்டார்.

வராந்தாவில் தம்பி கேட்டான். “அப்பா என்னத் தேடினாராண்ணே?”

“இல்லலே” என்றேன்.

இன்றைக்கும் அப்பா பேச்சு வந்தால் தம்பி எல்லோரிடமும் சொல்கிறான்: “சாவுற நேரத்துலகூட அவருக்கு என் நெனப்பு வரல.” நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறப்பதில்லை.