பெட்டிக்குள் வைத்த பஞ்சு

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் முன்மேசைக்காரர் பயந்த மனுஷன். நாய் எதிரே வந்தால் தெருவையே மாற்றிவிடுவார். கைப்பிடி இல்லாத மாடிப்படியில் கால் வைக்கமாட்டார். வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால் மெயினை அணைப்பார், அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பார், கடைசியில் மனைவியைக் கூப்பிட்டு ஏணியில் ஏற்றிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏணியைப் பிடிக்கிறாரா, ஏணிதான் அவரைப் பிடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது.

"திருடன் வந்தா முதல்ல எனக்குத்தான் தெரியும். ஏன்னா இவரு என் முதுகுக்குப் பின்னாடி நிப்பாரு" என்பாள் மனைவி.

அந்தப் பயத்தினால்தான் இரண்டு வேலை போயிற்று. தகடு வெட்டும் பட்டறையில் பிரஸ் இறங்கும்முன் கையை இழுத்துக்கொள்வார். இழுக்கிற வேகத்தில் தகடும் கூடவே வந்துவிடும். வெட்டியதைவிட வீணாக்கியது அதிகம். அடுத்து ஒரு கிடங்கில் வாட்ச்மேன். இருட்டினதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார். முதலாளி வந்து கதவைத் தட்டத் தட்ட, திருடன் என்று நினைத்துத் திறக்கவே இல்லை. அதோடு சரி.

பல் ஆஸ்பத்திரிக்கு வேலை தேடி வரவில்லை, பல்வலியோடு வந்தார். வருவார், பெஞ்சில் உட்காருவார், முறை வரும்போது எழுந்து ஓடிவிடுவார். ஓடுகிறவரைக்கும் பக்கத்தில் இருப்பவரிடம் தன் பயத்தை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டவர்களுக்கு, நம்மைவிடப் பயந்தவன் ஒருத்தன் இருக்கிறானே என்று மனசு லேசாகிவிடும். டாக்டரம்மா இதைக் கவனித்தார். "அண்ணே, நீங்க இருக்கிற நாள்ல ஓடிப்போறவங்க குறைச்சல். நீங்க மட்டும்தான் ஓடறீங்க. இங்கேயே உக்காந்துடுங்களேன்" என்றார்.

உட்கார்ந்தார். டோக்கன் கூப்பிடுவது, எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு உள்ளே இருக்கிற திரைக்கு அனுப்புவது, இதெல்லாம் பேருக்கு வேலை. நிஜ வேலை, ஆட்கள் பெஞ்சை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வது. "பயப்படாதீங்க" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பயமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். கொஞ்ச நேரம் பயந்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்பார். எடுபட்டது. பயந்தவன் பேச்சு பயந்தவனுக்குத்தான் புரியும். ஆனால் இத்தனை வருஷத்தில், பல் பார்க்கிற அந்த உள்ளறைக்குள் அவர் காலடி எடுத்து வைத்ததில்லை. கதவுக்கு இந்தப் பக்கத்தோடு சரி. சொந்தப் பல்லை வேறொரு ஊரில், மயக்கம் கொடுக்கச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மாவும் சாமர்த்தியக்காரர். குடைகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று உள்ளறைக் கதவுக்கு மெத்தை தைத்துப் போட்டிருந்தார். முன்னறை கோயில் பிராகாரம் மாதிரி அமைதியாக இருக்கும். மேஜை சின்னது என்பதால், இரண்டு செங்கல்லை நிறுத்தி வைத்த அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். அதுதான் வினையாக வந்தது.

ஒரு காலை அந்தப் பெட்டி கொசு மாதிரி முனக ஆரம்பித்தது. அடுத்த நாள் வண்டு. அதற்கடுத்து, 'ஙீ' என்று ஒரே இழுப்பு. ஏறும், இறங்கும், எதிலோ தட்டுப்பட்டது போலக் கரகரத்து மறுபடி ஏறும். பல் குடைகிற மிஷினேதான், ஒரு இம்மி வித்தியாசம் கிடையாது. பெஞ்சில் இருந்தவர்களின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்குவதை அவர் பார்த்தார்.

"அது கம்ப்யூட்டர் ஃபேன்தான்" என்று சொன்னார். யார் நம்புவது? கசாப்புக் கடையில் கட்டிப்போட்ட ஆடு கேட்டால் கடைக்காரன் நிஜத்தையா சொல்வான்?

முதலில் எழுந்து போனவர் மரம் அறுக்கிற ஆள். பக்கத்துத் தெரு மரவாடியில் பெரிய வட்ட வாள் ஓட்டுகிறவர். கை இரண்டும் தேக்குக் கட்டை. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. சத்தம் ஒரு தரம் ஏறி இறங்கியது. "வண்டியை வெளியில விட்டுட்டு வந்தேன், பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான். மறுநாள் வீக்கம் கூடி மறுபடி வந்தார். மறுபடி வண்டியைப் பார்க்கப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். அத்தனை பெரிய மனுஷனே ஓடினால் நாம் எம்மாத்திரம் என்ற நியாயம்தான்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து பெட்டியில் காது வைத்துக் கேட்டார். "கரண்டு உள்ள வர்ற பவர் சப்ளை டப்பா இருக்குல்ல, அதுல இருக்கிற ஃபேனு. பேரிங் காஞ்சுபோச்சு. குட்டிப் பெட்டிக்கு டப்பா தனி அளவு, கடையில தொங்காது. வரவழைக்கணும்."

"அதுவரைக்கும்?"

"ஓடும். கத்திக்கிட்டே ஓடும். ஒண்ணு மட்டும், டப்பாவைத் திறந்து கிறந்து பார்த்துடாதீங்க. ஒயரைப் புடுங்கிட்டாலும் உள்ளே கரண்டு தங்கியிருக்கும். தொட்டா தூக்கி அடிச்சுடும்."

இதை யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து முன்மேசைக்காரர் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு, கையை நீட்டித் தட்டச்சு செய்தார்.

சாயங்காலம் டாக்டரம்மா காலி பெஞ்சைப் பார்த்தார். "அண்ணே, உங்க வேலையே ஆளை உக்கார வைக்கிறதுதான். ஆளே உக்காரலேன்னா..." என்று நிறுத்தினார். போன் வந்ததால் நிறுத்தினார். ஆனால் இவருக்கு அந்த முடிக்காத பேச்சு போதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பட்டறை, கிடங்கு, இப்போது இது.

பயந்தவன் செய்கிற காரியத்தைச் சில சமயம் தைரியசாலி கூடச் செய்யமாட்டான். மறுநாள் முதல் ஆளாக வந்தார். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகுவார்களே, விரல் மாதிரிப் பஞ்சு, அதில் ஒன்றை எடுத்தார். பெட்டி அணைந்திருக்கிறதா என்று பார்த்தார், திரும்பவும் பார்த்தார். ரப்பர் கையுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பின்பக்கத்துக் கம்பி வலை வழியாகப் பஞ்சை இடுக்கியால் திணித்தார். விசிறி இறக்கையில் போய் அது ஆப்பு மாதிரி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை.

மரவாடிக்காரர் மூன்றாம் தரம் வந்தார். வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். உட்கார்ந்தார். முறை வந்தது, உள்ளே போனார். மெத்தைக் கதவு மூடிக்கொண்டது. முன்மேசைக்காரருக்குப் பட்டம் வாங்கின பெருமை.

கொஞ்ச நேரம்தான். பேப்பர் எடுக்கப் போன கை பெட்டியில் பட்டது. சூடு. சரி, கம்ப்யூட்டர் என்றால் சூடாகத்தான் இருக்கும். மறுபடி தொட்டார். தோசைக் கல். அப்புறம் தொட முடியவில்லை. பழைய துணியை இஸ்திரி போடுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. சத்தம் இருந்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த அமைதிதான் பயமாக இருந்தது. ஓடுகிறதா, வேகிறதா, வெடிக்கப்போகிறதா, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது பெட்டி.

"என்னமோ கருகுதே?" என்றாள் பெஞ்சில் இருந்த ஒரு அம்மா. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"மருந்து வாடை" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

மெத்தைக் கதவு லேசாகத் திறந்து டாக்டரம்மா குரல் வந்தது. "அண்ணே, படத்தைப் போடுங்க. வேர் எவ்வளவு ஆழம்னு பார்க்கணும்."

போட்டார். அணைத்தால் உள்ளே ஒருவரின் பல் பாதியில் திறந்து கிடக்கும், வேலையும் போகும். அணைக்காவிட்டால்? இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதானே என்று மனசு பேரம் பேசியது. அப்போது வலையின் இடுக்கில் ஒரு புகை நூல் எழுந்தது. ஊதுவத்திப் புகை மாதிரி நிதானமாக, வளைந்து, அந்தக் குழந்தை இருந்த பக்கம் போயிற்று.

அவருக்கு அதற்குமேல் நினைப்பே ஓடவில்லை. ஒயரை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தார். "எல்லாரும் வெளியே போங்க! நெருப்பு!"

சொல்லி முடிக்கும்முன் பெஞ்சு காலி. மெத்தைக் கதவு படாரென்று திறந்தது. மார்பில் துண்டு தொங்க, திறந்த வாயோடு, மரவாடிக்காரர் எல்லோரையும் முந்திக்கொண்டு தெருவுக்குப் போனார்.

நெருப்பு பிடிக்கவில்லை. பஞ்சு கருகி, டப்பா வெந்துபோனதோடு நின்றது. படங்கள் தப்பித்தன. டாக்டரம்மா கெஞ்சிக் கூத்தாடி மரவாடிக்காரரை வெளிப்பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தார். அங்கேயே உட்கார வைத்து, பல்லைத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். பிறகு இடுக்கியால் அந்தக் கரிப் பஞ்சை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது என்னண்ணே?"

இவர் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"பயந்தவர்னுதான் உங்களை வச்சேன். எனக்குத் தெரியாம உங்களுக்கு எப்ப தைரியம் வந்துச்சு?" என்றார். "அந்தப் பல்லு பாதியில நிக்குது. அவர் திரும்பி வரலேன்னா உள்ளே சீழ் வச்சிடும். அவர் வந்து உக்காந்தாத்தான் நீங்களும் இந்த நாற்காலியில உக்காருவீங்க. போங்க."

புது டப்பா வந்தது, மாட்டினார்கள். சத்தம் இல்லை, சூடும் இல்லை. சொன்ன நாளில் மரவாடிக்காரர் மட்டும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த முன்மேசைக்காரரிடம் மனைவி, "நேர்ல போய்க் கூப்பிடுங்க. மனுஷன்தானே, கடிக்கவா போறாரு? அவரால முடியவும் முடியாது" என்றாள்.

மரவாடி வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே ஆள் உயர வட்ட வாள் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கட்டை அதில் படும்போது தரையின் அதிர்வு பல்லுக்கு ஏறியது. அடுக்கின பலகைக்கும் வாளுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. அதற்கு அந்தப் பக்கம்தான் மரவாடிக்காரர் நின்றார். இவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவசரமாக அடுத்த கட்டையை எடுத்து வைத்தார். அதை முடித்ததும் இன்னொன்று. வாள் ஓடுகிறவரைக்கும் யாரும் தன்னைப் பல்லைப் பற்றிக் கேட்க முடியாது என்பது அவர் கணக்கு.

கூப்பிட்டால் கேட்காது. இவர் வயிற்றை எக்கிக்கொண்டு, பலகையோடு பலகையாக ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்தார். மரத்தூள் முகத்தில் அடித்தது. சட்டை நுனி காற்றில் வாள் பக்கம் பறக்க, அதைப் பிடித்து வாயில் கவ்விக்கொண்டார். பாதியில் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போகவும் அதே தூரம்தான்.

மரவாடிக்காரரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாளை நிறுத்தினார்.

"யோவ், செத்துகித்து தொலையப்போறீங்க! எதுக்கு வந்தீங்க?"

"பல்லுக்கு" என்றார், சட்டையை வாயிலிருந்து எடுத்து.

"வலி இல்லை எனக்கு."

"இருக்காது. வலி இல்லாமலே அழுகும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"அன்னைக்குச் சத்தம் இல்லேன்னு நம்பி உக்காந்தேன். கடைசியில நெருப்புங்கிறீங்க."

"சத்தம் இல்லாம பண்ணினது நான்தான். ஃபேனைப் பஞ்சு வச்சு அடைச்சேன்."

மரவாடிக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓடுற ஃபேனையா? எங்க மோட்டாருல அப்படிப் பண்ணியிருந்தா முதலாளி தோலை உரிச்சிருப்பாரு."

"அங்கேயும் உரிச்சாச்சு. நீங்க வந்து உக்காந்தாத்தான் எனக்கு வேலை."

"ஓகோ. அப்ப எனக்காக வரலை."

"பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

அந்த ஆள் கன்னத்தைத் தடவிக்கொண்டார். குரல் இறங்கியது. "இத்தனை பெரிய வாளு ஓட்டுறவன் அந்தத் துளியூண்டு மிஷினுக்கு ஓடிட்டானேன்னு பசங்க சிரிக்கிறானுங்க."

"சிரிக்கட்டும். இந்த வாளு உங்க கையில. அந்த மிஷின் அடுத்தவங்க கையில."

மரவாடிக்காரர் சட்டையில் இருந்த மரத்தூளைத் தட்டினார். பிறகு, "வர்றேன். ஆனா நீங்களும் உள்ளே வந்து பக்கத்துல நிக்கணும்" என்றார்.

மெத்தைக் கதவுக்கு அந்தப் பக்கமா? வாள் சந்தே தேவலாம் போல இருந்தது. ஆனாலும் சொன்னார், "நிக்கறேன். கண்ணை மூடிக்குவேன். அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

அன்று மதியமே இருவரும் உள்ளே போனார்கள். மரவாடிக்காரர் படுத்தார். இவர் பக்கத்தில் நின்று கண்ணை இறுக்கிக்கொண்டார். மிஷின் 'ஙீ' என்று கிளம்பியது. தேக்குக் கட்டைக் கை இவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. எலும்பு நெரிந்தது. விடவில்லை, இவரும் இழுக்கவில்லை.

சட்டென்று மிஷின் நின்றது. "அண்ணே" என்றார் டாக்டரம்மா. "நான் யாருக்கு வைத்தியம் பார்க்கிறது? ரெண்டு பேரும் வாயைத் திறந்து வச்சிருக்கீங்க."

இவர் வாயை மூடினார். மிஷின் மறுபடி கிளம்ப, தானாகவே திறந்துகொண்டது. பல் முடிகிறவரைக்கும் அப்படியேதான் நின்றார்.

"போய் அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா கடைசியில். முன்மேசைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.