மடியில் இருந்த வேறொருத்தன் புத்தகம்

காசு என் சம்சாரத்தோடது. புத்தகம் மட்டும் என் பேரில் இருந்தது. தபால் கந்தோர் சேமிப்புப் புத்தகத்தைச் சொல்கிறேன். ஆறு வருசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அவ கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துச் சேர்த்தது. புத்தகம் போட்ட அன்னைக்கு அங்கே இருந்தவர் புருசன் பேரைக் கேட்டார், எழுதினார், என் பெருவிரலைப் பிடித்து அமுக்கினார். அவ பக்கத்தில் நின்னுக்கிட்டு இருந்தா. அவளை யாரும் ஒண்ணும் கேட்கலை.

எங்க மாடு செத்துப் போச்சு. இன்னொரு பால்மாடு வாங்கத்தான் அந்தக் காசு. நானுஓயாப் பக்கம் ஒரு மாடு கன்னோட விலைக்கு இருக்குன்னு தெரிஞ்சது. மாட்டுக்காரர் சொல்லி அனுப்பினார், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தா உனக்கு, இல்லைன்னா நாளைக்கு வேற ஆளு வர்றாங்கன்னு.

நாங்க இருந்தது பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம். எனக்குச் செடி வெட்டிவிடுற கவ்வாத்து வேலை. அன்னைக்குக் காலையில் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போகலை.

"காசை இங்க எடுத்துக்கிட்டு பஸ் ஏறாதீங்க," என்றா அவ. "புத்தகத்தை மட்டும் கொண்டு போங்க. டவுன்ல எடுத்துக்கிட்டு நேரா மாட்டுக்காரர்கிட்டப் போங்க."

"சரி."

"பஸ்ல தூங்காதீங்க. யாரும் எதுவும் குடுத்தா திங்காதீங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா நானே கூட வந்திருப்பேன்."

புத்தகத்தை மெழுகுச்சீலையில் சுத்தி, சுருக்குப்பையில் போட்டு, வேட்டிக்கு உள்பக்கம் இடுப்பில் அவளே கட்டிவிட்டா. மூணு முடிச்சு. போன வருசம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறவருக்கு ரயிலில் சட்டைப்பையை அறுத்துட்டாங்க. அந்தப் பயம்.

நான் தூங்கலை. எதையும் திங்கலை. பஸ்ஸில் ஒருத்தன் முட்டிக்கிட்டு உட்கார்ந்தப்ப எழுந்து நின்னுக்கிட்டேன். டவுன் வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன். அந்த டவுன் பேரை எழுதலை. அந்தத் தபால் கந்தோரில் இப்ப வேலை செய்றவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

கந்தோர் வாசலில் ஒருத்தர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு. மேசையில் காசு எடுக்கிற பாரங்கள், மைப்பெட்டி, பேனா. எழுத்துத் தெரியாதவங்களுக்கு நிரப்பிக் குடுக்கிற ஆள். எனக்கு அப்ப எழுத்துத் தெரியாது. இப்ப எழுதுறது பிறகு மகளோட பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டது.

"எந்தத் தோட்டம் தம்பி?"

சொன்னேன்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

"முசிறிப் பக்கம்னு அப்பா சொல்லுவாருங்க."

"அட! நான் முசிறிக்கு அடுத்த ஊருய்யா. நீ நமக்கு மாமன் மச்சான் முறையால்ல வர்றே! உட்காரு மச்சான்."

நான் முசிறியைப் பார்த்ததே இல்லை. பிறந்தது இங்கே இலங்கையில், வரிசை வீட்டு லயத்தில். இருந்தாலும் அந்தப் பேரை ஒருத்தர் வாயில் கேட்டதும் உள்ளே எதுவோ இளகிப் போச்சு. உட்காரலை, ஆனா மூணு முடிச்சையும் அவிழ்த்துப் புத்தகத்தை அவர் கையில் குடுத்துட்டேன்.

குடுத்துட்டுத் துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கக்கத்தில் வச்சுக்கிட்டு நாலடி தள்ளி நின்னேன். ரோட்டைப் பார்த்தேன். தோட்டத்தில் அப்படித்தான். பெரிய கணக்கப்பிள்ளை எழுதுறப்ப தள்ளி நிக்கணும். அவர் எழுதுற காகிதத்தை எட்டிப் பார்த்தா மரியாதை தெரியாதவன்னு வசவு விழும். யாராவது பேனாவைத் திறந்தா என் கண்ணு தானா வேற பக்கம் போயிரும். அன்னைக்கும் போச்சு.

"வா மச்சான், வெரலை வை."

வச்சேன்.

"ச்சே, மை கலைஞ்சு போச்சு. இன்னொரு பாரம் போடுவோம். திரும்ப வை."

திரும்ப வச்சேன். பாரத்தை மடிச்சு, புத்தகத்தையும் சேர்த்துக் குடுத்தார். "இப்ப உள்ள போகாத. கூட்டம். பெரிய ஐயா பன்னெண்டு மணிக்குத்தான் கையெழுத்துப் போடுவாரு. போயி ஒரு பிளேன்டி குடிச்சுட்டு வா." அவருக்குக் கூலி எவ்வளவுன்னு கேட்டேன். "சொந்தக்காரன்கிட்ட வாங்குவேனா?" என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. பிளேன்டி வந்தது. புத்தகத்தைத் திரும்ப மெழுகுச்சீலையில் சுத்தணும். சுத்துறதுக்கு முந்தி முதல் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துத் தெரியாதவனுக்கு அந்தப் புத்தகத்தில் படிக்க ஒண்ணுதான் இருக்கு. என் பெருவிரல். கவ்வாத்துக் கத்தி வெட்டினதில் இடது பெருவிரலில் குறுக்கே ஒரு வடு. ரேகையிலும் அது வெள்ளைக் கோடாத் தெரியும். வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

கோடு இல்லை.

பக்கத்தை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தேன். முழு ரேகை. வெட்டுக் காயம் படாத யாரோ ஒருத்தன் விரல்.

டீயை அப்படியே விட்டுட்டு ஓடினேன். கடைக்காரர் பின்னால் சத்தம் போட்டார். வாசலில் மேசை இருந்தது. ஆள் இல்லை. மைப்பெட்டி மூடி இருந்தது.

உள்ளே ஓடினேன். நீள வரிசை. இடிச்சுக்கிட்டு முன்னால் போனேன்.

"யோவ், நாங்கெல்லாம் தேர் பார்க்கவா நிக்கிறோம்?"

"விடுங்கய்யா, அவன் பொண்டாட்டி புள்ள பெத்திருப்பா. தந்தி அடிக்கப் போறான்."

"புள்ளையே அவன்தான். நடையைப் பாரு."

சிரிச்சாங்க. நான் கம்பிக்கு முன்னால் போய் நின்னேன். அங்கே ஒருத்தன் நின்னுக்கிட்டு இருந்தான். என்னை மாதிரியே வேட்டி, என்னை மாதிரியே துண்டு. கம்பிக்கு உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. அவர் முன்னால் ஒரு பாரமும் ஒரு புத்தகமும். காசை எண்ணிக்கிட்டு இருந்தார்.

"ஐயா, அது என் புத்தகம்!"

அவர் தலையைத் தூக்கலை. "ஒராள் ஒராளா வாங்கோ. அவசரப்பட வேண்டாம்."

"குடுக்காதீங்கய்யா. அது என் காசு."

எண்ணுறதை நிறுத்தினார். "உம்மட காசெண்டா உம்மட புத்தகம் எங்க?"

கையில் இருந்ததைக் குடுத்தேன். திறந்து பார்த்தார்.

"உம்மட பேர் என்ன?"

சொன்னேன்.

"இதில வேற பேரெல்லோ கிடக்குது. இது ஆற்ற புத்தகம்? எங்க எடுத்தனீர்?"

வரிசையில் சிரிப்பு நின்னு போச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. வேறொருத்தன் புத்தகத்தைக் கையில் வச்சிருக்கிறது நான். அந்த ஆள் குடுத்திருக்கிறது அவன் சொல்ற பேருக்குச் சரியான புத்தகம், மை கலைஞ்சதுன்னு கோட்டுக்காரர் ஒதுக்கின என் விரல் வச்ச பாரம். அந்த இடத்தில் திருடன் நான்தான்.

பக்கத்தில் நின்னவன் பேசினான். பதட்டமே இல்லை. "பைத்தியம் போல இருக்குங்க. பாவம். நீங்க எண்ணுங்கய்யா."

ஐயா பியூனைக் கூப்பிட்டார். பியூன் சிங்களவர், பெரிய உடம்பு. வந்து என் மேல்கையைப் பிடிச்சார். "மொகத மே? என்ன இது? சண்ட போட வேணாம். பொலிஸ் வரும், ஆ?"

காசு மேசையில் கட்டா இருந்தது. அவளோட ஆறு வருச ஞாயித்துக்கிழமை. நான் கத்தலை. கத்தினா வெளியே தள்ளிருவாங்க. பியூன் பிடிக்காத கையைக் கம்பி வழியா உள்ளே நீட்டினேன். இடது கை. பெருவிரலில் மை காயாம இருந்தது.

"ஐயா, அந்தப் புத்தகத்துல மொதப் பக்கம் பாருங்க. வெரல்ல குறுக்க ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். பாரத்துலயும் இருக்கும். இந்தா என் வெரலு. அவர் வெரலையும் காட்டச் சொல்லுங்க."

ஐயா முதல் பக்கத்தைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். அப்புறம் திரும்பவும் பாரத்தையே புரட்டிக்கிட்டு இருந்தார். ஏன்னு அப்ப தெரியலை. பிறகு தெரிஞ்சது. ரேகையை அவர் கண் முன்னால்தான் வைக்கணும். வெளியே வச்சுட்டு வந்த பாரத்தை வாங்கினது அவர் பிழை. நான் பொய்யனா இருந்தா அவருக்கு நல்லது. அவர் எதையோ கணக்குப் போடுறது மட்டும் முகத்தில் தெரிஞ்சது. நான் கையை எடுக்கலை.

கடைசியில் அவனைப் பார்த்துக் கேட்டார். "உம்மட கையைக் காட்டும்."

"வெரல்ல புண்ணுங்க ஐயா."

"பரவாயில்லை. காட்டும்."

"கட்டு அவிழ்த்துட்டு வர்றேங்க," என்று சொல்லிட்டு அவன் திரும்பி நடந்தான். ஓடலை. வரிசையில் இருந்தவங்க அவனுக்கு வழி விட்டாங்க. கையில் கட்டே இல்லை. வாசலைத் தாண்டினதும்தான் ஓடினான்.

"பிடியுங்கோ அவனை!" என்றார் ஐயா.

பியூன் இன்னும் கெட்டியாப் பிடிச்சார். என்னை.

"அவனை விடும் ஐசே, மற்றவனை!"

பியூன் விட்டுட்டு ஓடினார். வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கோட்டுக்காரனும் இல்லை, அவனும் இல்லை. மேசை மட்டும் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்ததாச் சொன்னாங்க.

ஐயா அந்தப் பாரத்தைக் கிழிச்சார். புதுசா ஒண்ணு எடுத்து எழுத ஆரம்பிச்சார். என் கண்ணு ரோட்டுப் பக்கம் போச்சு. இழுத்துக் கொண்டு வந்து காகிதத்தில் வச்சேன்.

"படிச்சுக் காட்டுங்கய்யா."

"என்ன?"

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க. பிறகு வெரல் வைக்கிறேன்."

பேனாவைக் கீழே வச்சுட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தோட்டத்தில் யாரையும் நான் அப்படிப் பார்த்தது இல்லை. வாசிச்சார். ஒவ்வொரு வரியா வாசிச்சார். விரல் வச்சேன். காசைக் குடுக்கிறப்ப மெதுவாச் சொன்னார், "இதை வெளியில கதைக்க வேண்டாம், என்ன?"

நான் மற்றப் புத்தகத்தைக் காட்டினேன். "அது யாரோடதுங்க?"

புரட்டினார். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தின் பேரைச் சொன்னார், ஆள் பேரையும் சொன்னார். "போன மாசம் இருந்த காசெல்லாம் எடுத்துப் போட்டாங்கள். ஒரு ரூபாதான் கிடக்குது. நாங்கள் அறிவிப்பம், நீர் போம்." மேசை லாச்சியில் போட்டு மூடினார்.

நானுஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தப்ப பொழுது சாயலை. மாடு அங்கேயே இருந்தது. வாங்கினேன். கன்னையும் மாட்டையும் ஓட்டிக்கிட்டு வழியில் ஒரு தெரிஞ்ச லயத்தில் தங்கி, மறுநாள் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை அவகிட்டச் சொன்னேன். முசிறியையும் சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். மாட்டுக் காலைத் தடவிப் பார்த்துக்கிட்டே கேட்டா.

"அந்த ஆளுக்குச் சொன்னீங்களா?"

"கந்தோர்ல அறிவிப்பாங்களாம்."

"யாரு, வெளியில பேசாதன்னு சொன்ன ஐயாவா?"

ஞாயித்துக்கிழமை காலையில் பஸ் காசை எடுத்து வச்சா. போனேன்.

அந்தத் தோட்டத்தில் விசாரிச்சு லயத்தைக் கண்டுபிடிச்சேன். என் வயசுதான் அவருக்கு. வாசலில் விறகு பிளந்துக்கிட்டு இருந்தார். தபால் புத்தகம் பத்தின்னு சொன்னதும் கோடாலியை வச்சுட்டு எழுந்தார்.

"பத்திரமா இருக்குங்க. ஏன்?"

"போன மாசம் டவுனுக்குப் போனீங்களா? கோட்டுப் போட்ட ஆள் பாரம் எழுதினாரா?"

"ஆமா. கொஞ்சம் காசு எடுத்தேன். கூட்டம்னு அவரே ஒரு ஆளை உள்ள அனுப்பி எடுத்துக் குடுத்தாரு. நம்ம ஊர்க்காரர்தான். நாமக்கல்."

எனக்கு முசிறி. அவருக்கு நாமக்கல்.

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். சேலைத் துணியில் சுத்தி வச்சிருந்தார், நான் வச்சிருந்த மாதிரியே. பிரிச்சுத் தூரமாப் பிடிச்சுக்கிட்டே காட்டினார். அது அவர் புத்தகம் இல்லை. அவர் புத்தகம் லாச்சியில் கிடக்குது. இது அவருக்கு முந்தி ஏமாந்த இன்னொருத்தருடையது. அதைத்தான் ஒரு மாசமாப் பெட்டியில் வச்சுப் பூட்டிக்கிட்டு இருக்கார்.

"மொதப் பக்கத்துல வெரலைப் பாருங்க," என்றேன். "உங்க வெரலான்னு பாருங்க."

பார்த்தார். தன் விரலையும் பார்த்தார். அவர் விரலில் வடு ஒண்ணும் இல்லை. "வெரல்னா எல்லாம் இப்படித்தானேங்க இருக்கும்."

நடந்ததைச் சொன்னேன். எனக்குப் பேச வராது. ஏதோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறினது. அவர் சம்சாரம் கதவுக்குப் பின்னால் வந்து நின்னாங்க.

"அப்ப புத்தகத்தை உங்ககிட்டக் குடுக்கணும். அதானே?" என்றார்.

"இல்லைங்க."

"நீங்க எந்தத் தோட்டம்? யாரு அனுப்பினா? ஊர்ல எந்தப் பக்கம்?"

ஊர் பேரைச் சொல்ல வாய் வரலை. தோட்டத்தை மட்டும் சொன்னேன். அவர் புத்தகத்தைத் துணியில் சுத்தினார். என்னை நம்பினா காசு போச்சு. நம்பாட்டி காசு இருக்கு.

"குடுக்காதீங்க," என்றேன். "எனக்கும் குடுக்காதீங்க, யாருக்கும் குடுக்காதீங்க. நீங்களே கொண்டு போங்க. உள்ள இருக்கிற ஐயாவைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. பேரைப் படிக்கச் சொல்லுங்க."

அந்த அம்மாதான் முன்னால் வந்து, அவர் கையில் இருந்த பொட்டலத்தை வாங்கி, தன் மடியில் சொருகிக்கிட்டாங்க. "நாளைக்கு நானும் வர்றேன்," என்று அவர்கிட்டச் சொன்னாங்க. என்னைப் பார்க்கலை. தண்ணி வேணுமான்னும் கேட்கலை.

நான் படியிறங்கி பஸ் ரோட்டுக்கு நடந்தேன்.