அக்கா வைத்த பெரட்டு

எங்கள் அக்கா மலேசியாவில் கோலா பிலாவுக்கு அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அப்பா பெரட்டில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் பிறந்தார். பெரட்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, யாருக்கு எந்தப் பக்கம் வேலை என்று சொல்லி அனுப்புவது. எங்கள் அப்பாதான் மண்டோர். பாதிப் பேரைக் கூப்பிட்டிருந்தபோது செய்தி போனதாம். மனிதர் தலையை ஆட்டிவிட்டு, மீதிப் பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்க வந்தார். அம்மா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை எல்லாரும் சேர்ந்து தம்பியாகிய என் தலையில் கட்டிவிட்டார்கள். அக்காவின் கணவரான எங்கள் மாமா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "அழுது வடிஞ்சு எழுதாதலா. அவ சிரிச்ச மூஞ்சியோட இருந்தவ. படிக்கிறவங்களும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றார். முயற்சி செய்கிறேன்.

அக்கா படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். பிறகு கோலா பிலாவில் இடைநிலைப்பள்ளி. பஸ் வராத நாளில் லாரியில் தொற்றிக்கொண்டு போவார். அம்மா விடியலில் பால்மரம் வெட்ட, ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போய்விடுவார். அப்பாவுக்குப் பெரட்டு. ஆகவே என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கு இழுத்துப் போனது அக்காதான். ஒரே ஒரு வேலைதான் அவருக்குத் தெரியாது, சமையல். "படிக்கிற புள்ள கையில கரி ஒட்டக் கூடாது" என்று அம்மா அடுப்புப் பக்கமே விடமாட்டார். கணக்கில் புலியாக இருந்த அக்கா உபகாரச் சம்பளம் பெற்று, கணிதம் படிக்க நியூசிலாந்துக்குப் போனார். தோட்டத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள். வழியனுப்ப மூன்று வேன் பிடித்துப் போனோம். விமான நிலையத்தில் அழாதவர் அப்பா ஒருவர்தான். வீட்டுக்கு வந்து பால் சட்டியைக் கழுவுகிற சாக்கில் அழுதார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காட்டு வேலை முடித்து வந்து சமைப்பார். அப்பாவுக்குப் போடுவார், எங்களுக்குப் போடுவார், கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார். எல்லாரும் கை கழுவிய பிறகு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே, சட்டியில் ஒட்டியிருப்பதைப் போட்டுக்கொள்வார். ஆறிப்போன சோறு. எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானே!

நியூசிலாந்தில் ஆறு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஆறு பேர், ஆளுக்கு ஒரு நாள் சமையல். யாருக்கு எந்த நாள் என்ற தாள் ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்குமாம். அக்காவின் முறை வந்தபோது, செம்மறி ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று ஆட்டுக்கறி சூப் வைக்கச் சொல்லிக்கொடுத்தான். உருளைக்கிழங்கு, பார்லி, கறி. அக்கா வாழ்க்கையில் சமைத்த முதல் சமையல் அது.

ஐந்து பேருக்கும் ஊற்றிக் கொடுத்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? கரண்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அம்மா நிற்கிற மாதிரியே! அவர்கள் சாப்பிடட்டும் என்று இவர் காத்திருக்கிறார். இவர் உட்காரட்டும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த ஊர் மரியாதை அது, சமைத்தவர் உட்காராமல் யாரும் கரண்டியைத் தொட மாட்டார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, குளிர் நாட்டில், சூப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. கடைசியில் அந்த ஆட்டுக்காரப் பையன் எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "சூப்பில் விஷம் ஏதும் கலந்துவிட்டாயா?" என்று கேட்டானாம்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரே ஒரு முறை மட்டும் எனக்குத் தனியாக மீதியையும் சொன்னார். "உக்காந்து ஒரு வாய்தான்டா வச்சேன். அழுக வந்துருச்சு. இருவது வருஷமா அம்மா நின்னுக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாளாச்சும் எனக்குச் சோறு தொண்டையில அடைச்சுதா சொல்லு" என்றார்.

படிப்பு முடிந்து அக்கா திரும்பி வந்தபோது, தோட்டமே சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வரும் என்று எதிர்பார்த்தது. வந்தது அப்பாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி, அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை. இந்த வெயிலில்! அப்பா அந்தத் தொப்பியை ஒரு நாள் பெரட்டுக்குப் போட்டுக்கொண்டு போய், வேர்வையில் நனைந்து வந்தார். முதல் ஞாயிறு அக்கா அந்தச் சூப்பை வைத்தார். அம்மா ருசி பார்த்துவிட்டு மிளகைத் தட்டிப் போட்டார். "இந்த ஆட்டத் திங்கவா அம்புட்டுத் தூரம் போன? நம்ம பாசார்ல விக்கிறதே அந்த ஊரு ஆடுதானே!" என்றார்.

மறுநாள் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள், வியாழன், வெள்ளி அம்மா. செவ்வாய், சனி தம்பி. புதன் அப்பா. ஞாயிறு அக்கா. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: எல்லாரும் உட்கார்ந்த பிறகே சாப்பாடு.

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு முறை படித்தார்.

"என்னா இது, வீட்டுக்குள்ள பெரட்டா? பேரு கூப்புடுறவன் நானு. என் பேரையே நீ கூப்புடுறியா பாப்பா?"

"மண்டோரு வேலைக்கு வரலன்னா கிராணி சும்மா விடுவாராப்பா?" என்றார் அக்கா. கிராணி என்றால் மண்டோருக்கும் மேலே இருக்கும் தோட்டத்துக் கணக்கர்.

நான் அப்போதுதான் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புக்கிட் பூத்துஸ் மலைப்பாதை வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் களைத்து வருகிறவனுக்கு இரண்டு நாள் சமையலா என்று நானும் குதித்தேன். ஆனால் எல்லாரையும்விடக் கோபப்பட்டவர் அம்மா. "ஆம்பளங்க அடுப்புல கை வச்சா லயமே சிரிக்கும். எனக்குன்னு இருக்கறது அந்த அடுப்பு ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டா நான் எங்க போய் நிக்கிறது?"

"நிக்க வேணாம்மா. உக்காருங்க. அதுக்குத்தானே இவ்வளவும்" என்றார் அக்கா. அம்மா புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புதன்கிழமை வந்தது. மகளிடம் தோற்கக் கூடாது என்பது அப்பாவின் ரோஷம். லயத்தில் யாரும் பார்க்கவும் கூடாது. என்ன செய்தார்? ஜன்னலைச் சாத்தி, பின்கதவைத் தாழிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சார்டின் மீன் டின்னை உடைத்து மிளகாய்ச் சம்பல் வைக்க இறங்கிவிட்டார். மிளகாய் கருகியது. புகை போக வழியில்லாமல் கூரை இடுக்கிலெல்லாம் கிளம்பியது. பக்கத்து வீட்டு முனியம்மா சித்தி "ஐயோ மண்டோர் வீடு பத்திக்கிச்சு!" என்று கத்த, லயம் முழுக்க வாளியும் கையுமாக ஓடி வந்தது. கதவைத் திறந்தால், கண்ணெல்லாம் சிவந்து, கரண்டியும் கையுமாக அப்பா!

"என்னா மண்டோரே, தீ புடிச்சிருச்சா?"

"தீயெல்லாம் புடிக்கல. சமையல் நடக்குது. எல்லாம் போய் வேலயப் பாருங்க" என்றார் அப்பா, பெரட்டுக் குரலில்.

அம்மா சிரித்தார் பாருங்கள்! நிற்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். அந்த நேரம் பார்த்து அக்கா அவர் முன்னால் தட்டை வைத்தார். அப்பா சோறு போட்டார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பு இல்ல" என்றார். மறுசோறும் வாங்கிக்கொண்டார். எனக்கு நினைவு தெரிந்து அம்மா சூடாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அந்தக் கருகிய சார்டின்தான். அடுத்த வாரம் முனியம்மா சித்தி வீட்டிலும் ஒரு தாள் ஒட்டப்பட்டது. சித்தப்பா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

பிறகு தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, மாறியது. நாங்கள் செனாவாங்கில் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தோம். அக்கா ஆசிரியரானார், மாமாவைக் கைப்பிடித்து இரண்டு சாலை தள்ளிக் குடியேறினார். அந்தத் தாளும் எங்களோடு வந்தது. கிழிந்தால் புதிதாக எழுதுவோம். ஞாயிறு மட்டும் எப்போதும் அக்காவுக்கு. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "என் தம்பி படிப்பு சுமார்தான். ஆனா செவ்வாக்கிழம கோழிப் பெரட்டல் பிரமாதமா பண்ணுவான்" என்று மானத்தை வாங்கியவர் அக்கா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற மாணவர்களை அக்கா ஒரு ஞாயிறு வரவழைப்பார். விருந்துக்கு என்று நம்பி வருவார்கள், பாவம். உருளைக்கிழங்கை உரிக்கக் கொடுத்துவிடுவார். "நாலு பேரு சேர்ந்து இருக்குற எடத்துல உன் மொறைய நீ செய். செஞ்சிட்டு எல்லாரோடயும் உக்காந்து தின்னு. மத்தத காலேஜ் சொல்லிக்குடுக்கும்" என்பார். அப்படி வந்த நீங்கள் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உரித்த கிழங்கு ஞாபகம் இருக்கிறதல்லவா?

சென்ற ஆண்டு அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. நோயைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. சிரம்பான் மருத்துவமனையில் கடைசி வாரம், நான் உள்ளே நுழைந்ததும் முறைத்தார்.

"இன்னிக்குச் செவ்வாக்கிழம. நீ இங்க என்னா பண்ற? அங்க யாரு சமைக்கிறது?"

"அப்பாகிட்ட மாத்தி விட்டுட்டு வந்தேன்க்கா."

"ஐயையோ, வீடு இருக்கா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அம்மா உக்காந்து சாப்புட்டாங்களா?"

"உக்காந்து சாப்புட்டாங்கக்கா" என்றேன்.

அது பொய். அக்கா படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே அம்மா பழையபடி அடுப்படியில் நின்றுகொண்டுதான் ஏதோ இரண்டு வாய் தின்றார். அக்கா என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. நான் அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை பொய்யாகிவிட்டதே என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

கருமக்கிரியை முடிந்து முதல் ஞாயிறு. மாமாவும் வந்திருந்தார். கதவில் ஞாயிற்றுக்கு நேராக அக்காவின் பேர் அப்படியே இருந்தது. அழிக்க யாருக்குத் துணிவு வரும்? எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எண்பது தாண்டிய அப்பா தடியை ஊன்றிப் போய்க் கதவின் முன் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பழைய பெரட்டுக் குரலில், அக்காவின் பேரை ஒரு முறை உரக்கக் கூப்பிட்டார்.

தோட்டத்தில் ஓர் ஆள் வராவிட்டால் அவருக்குரிய மர வரிசையான நிரையைச் சும்மா விடமாட்டார்கள். வேறொருவர் வெட்டிக் கொடுப்பார்.

"ஆளு வரல. அந்த நெரைய நான் வெட்டுறேன்" என்றார் அப்பா.

அக்காவின் சூப்பை அப்பாவே வைத்தார். மாமா உருளைக்கிழங்கு உரித்தார். அப்பா எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா ஐஸ்பெட்டி ஓரமாக நின்றபடி, "எனக்கு வேணாம். நீங்கெல்லாம் சாப்புடுங்க" என்றார். அப்பா நகரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அவரும் நின்றார். நாங்கள் யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. ஆவி அடங்கியது. மேலே கொழுப்புக்கூடப் படிய ஆரம்பித்துவிட்டது.

"ஆறிப்போவுதுல்ல? சாப்புடுங்களேன்."

"ஆறட்டும்" என்றார் அப்பா.

அம்மா எங்கள் எல்லாரையும் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு இல்ல" என்றார். சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். அழுதுகொண்டே கிண்ணத்தைக் காலி செய்தார்.

அக்காவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாள்களில், கேட்காமலே மரக்கறியாகச் சமைத்து வேலி வழியாகக் கொடுத்தனுப்பிய பக்கத்து மலாய்க் குடும்பத்துக்கும், கிரியைக்குப் பந்தல் போட்டுப் பாத்திரம் கழுவும் வரை நின்ற அக்காவின் பழைய மாணவர்களுக்கும், தொண்ணூறு வயதில் சி ரூசா ஊரிலிருந்து மகன் வீட்டுக் காரில் வந்து "மண்டோரே, இப்ப தீ அணைஞ்சுதா?" என்று கேட்டு அப்பாவைச் சிரிக்க வைத்த முனியம்மா சித்திக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

இன்று இந்த ஓராண்டு நினைவு விருந்துக்கு வந்திருக்கும் உறவுகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இலை போட்டதும் கை வைத்துவிடாதீர்கள். முதலில் அம்மா எங்கே என்று பாருங்கள். சமைத்தவர்கள் எங்கே என்று பாருங்கள்.

அக்கா, அன்றைக்கு நான் சொன்னது பொய். அம்மா இப்போது எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.